காரைக்குடியில் பூனைக்கு வைத்தியம் பார்க்க ஓர் இடம் வேண்டும்

கால்நடை பராமரிப்புத் துறை இயக்குநர் அவர்களுக்கும், சிவகங்கை மண்டல இணை இயக்குநர் அவர்களுக்கும், காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் கால்நடை டாக்டர்களுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடி அரசு கால்நடை மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாளையாவது பூனை, நாய்களுக்கென்று ஒதுக்குங்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால், எந்தக் கிழமையாக இருந்தாலும் அன்றைக்கே குழாய் போட்டு எடுத்துவிட அங்கே ஆளும் பொருளும் இருக்கட்டும். தனியார் டாக்டர்களிடம் கேட்பது வேறு: வைத்தியத்தைத் தொடங்கும் முன்னால் எவ்வளவு ஆகும் என்று எங்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த இரண்டும் இருந்திருந்தால் என் வீட்டுப் பூனைக்காக நான் கட்டிய பணத்தில் பாதிக்கு மேல் கட்டியிருக்க வேண்டியதே இல்லை, அதுவும் இவ்வளவு வலியைப் பட்டிருக்க வேண்டியதில்லை.

நான் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஆலைகள் அதிகம். நெல் மூட்டை இருக்கும் இடத்தில் எலி வரும், எலி வந்தால் பூனையும் வரும், எந்த ஆலைக்குள் நுழைந்தாலும் மூட்டை அடுக்கின் மேல் ஒன்றாவது படுத்திருக்கும். செவலை அப்படி ஆலையில் பிறந்த ஆண் பூனைதான். குட்டியாக இருக்கும்போதே என் பின்னால் வீட்டுக்கு வந்து, என் மாமியார் மீன் ஆயும் இடத்தில் உட்கார்ந்து பழகி, எங்களோடு தங்கிவிட்டது.

போன கோடையில் ஒருநாள் சாயங்காலம் அது மணல் தொட்டிக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. போய் உட்கார்ந்து முக்கும், ஒன்றும் வராது, வெளியே வந்து நக்கிக்கொள்ளும், மறுபடி போகும். அப்புறம் கத்த ஆரம்பித்தது. பசிக்குக் கத்துவது வேறு, இது வேறு. பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, "மலங்கட்டியிருக்கும் ஆத்தா, வெளக்கெண்ணெய் ரெண்டு சொட்டு விடு, சரியாப் போகும்" என்றார். பூனை முக்கினால் எல்லோருக்கும் முதலில் அதுதான் தோன்றும். ஆனால் அடிவயிற்றைத் தொட்டால் எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியாக இருந்தது, தொட்டவுடனே கடிக்க வந்தது. எண்ணெய் விடவில்லை. ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. 1962 என்ற எண்ணுக்குப் போன் அடித்துப் பார்த்தேன். ஆடு மாட்டுக்கு வரும் வண்டி அது. போனில் பேசியவர் மரியாதையாகவே, காலையில் மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்னார்.

டாக்டர்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண் பூனைக்குச் சிறுநீர் வரும் வழி நுனியில் மிகவும் குறுகலாக இருக்கும். சிறுநீரில் மணல் போல் உப்புப் படிகம் சேர்ந்தாலோ, சளி மாதிரி ஏதாவது திரண்டாலோ அந்த இடத்தில் அடைத்துக்கொள்ளும். சிறுநீர்ப்பை நிரம்பி வீங்கும். சிறுநீரகம் வேலை செய்ய முடியாமல் போகும், வெளியே போக வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறும், அது ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். முழுதாக அடைத்துக்கொண்ட பூனை இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். பெண் பூனைக்கு வழி அகலம், அதனால் இந்த அடைப்பு அதற்கு அபூர்வம். நோய் இவ்வளவு கொடுமையாக இருந்தாலும் முதல் நாளிலேயே பார்த்தால் வைத்தியம் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாயை விட்டு, உப்புநீரால் அலசி அடைப்பை எடுத்துவிட்டு, ஊசி வழியாக நீர் ஏற்றி, குழாயை ஒன்றிரண்டு நாள் அப்படியே வைத்திருந்து கவனிக்க வேண்டும். அந்தக் குழாயின் விலை சில நூறு ரூபாய்.

அந்தச் சில நூறு ரூபாய்க் குழாய் எங்கள் பக்கம் எங்கேயும் இல்லை.

காலையில் ஓர் அரசு மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் ஆடுகள், ஒரு கன்றுக்குட்டி, கூடையில் கோழி. டாக்டர் பக்கத்துக் கிராமத்தில் கன்று போட முடியாமல் கிடந்த ஒரு மாட்டைப் பார்க்கப் போயிருந்தார். போனில் பிடித்துச் சொன்னதும் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "அடைப்பும்மா, நேரம் போக்காதீங்க, எங்கிட்ட பூனைக் குழாய் கிடையாது, மதுரைக்குக் கொண்டுபோயிடுங்க" என்றார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே ஆள் சினை ஊசி போட வேண்டும், கோமாரிக்கும் ஆட்டுக்கொல்லிக்கும் தடுப்பூசி போட வேண்டும், பிரேதப் பரிசோதனைக்குப் போக வேண்டும், இதற்கு நடுவில் மீட்டிங். அப்படிப்பட்டவர் போனை எடுத்து உண்மையைச் சொன்னதே பெரிது.

உண்மையைச் சொல்லாத இடம் அடுத்தது. மதுரை தூரம், அதுவரை தாங்குமோ என்ற பயத்தில் வழியில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். பார்க்கலாம் என்று உள்ளே வாங்கிக்கொண்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், மத்தியானம் வரைக்கும் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு, குழாய் போட இங்கே வசதி இல்லை, பெரிய இடத்துக்குப் போங்கள் என்று ஒரு பில்லைக் கையில் கொடுத்தார்கள். ரூ. 3,200. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த அரை நாள் செவலையின் சிறுநீரகத்திலிருந்து போன அரை நாள். வசதி இல்லை என்பது நாங்கள் வாசலில் நிற்கும்போதே அவர்களுக்குத் தெரியும்தானே?

மதுரையில் ஒரு மருத்துவமனையில் குழாய் போட்டார்கள். நல்ல டாக்டர், பொறுமையாகப் பேசினார். ஆனால் அங்கேயும் கையெழுத்து வாங்கும் மேசையில் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் "கண்டிஷன் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றார்கள். முன்பணம், மறுநாள் இன்னொரு தொகை, அதற்கு மறுநாள் இன்னொன்று என்று ரூ. 21,000 ஆகிவிட்டது. வாடகைக் கார் போக வர ரூ. 4,500. வீட்டுக்கு வந்து சில வாரத்திலேயே மறுபடி அடைத்தது. இந்த நோய் திரும்பத் திரும்ப வரும் என்பதை அப்போதுதான் எங்களுக்குச் சொன்னார்கள். இரண்டாவது தடவை ரூ. 14,000, மறுபடியும் கார். மூன்றாவது தடவை வந்தால் வழியையே வெட்டி அகலப்படுத்தும் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார்கள், அதன் தொகையைக் கேட்டு நானும் என் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

என் தோடு அடகில் இருக்கிறது. செட்டிநாட்டில் அடகுக் கடைக்குப் பஞ்சம் இல்லை, வட்டி கட்டி மீட்டுவிடலாம், அதைச் சொல்லி அழவில்லை. மகளிர் குழுவில் கேட்டேன். கறவை மாடு வாங்கவும் ஆடு வாங்கவும் கடன் உண்டு, பூனை வைத்தியத்துக்கு என்றால் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தலைவிக்கே தெரியவில்லை. மாட்டுக்கு அரசு மானியத்தோடு காப்பீடு இருக்கிறது. ஆலையில் பிறந்த நாட்டுப் பூனைக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

ஏன் எங்கேயும் இல்லை என்று யோசித்தால் ஒன்று தெரிகிறது. நாட்டின் 21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு 2024 அக்டோபரில் தொடங்கியது. மாடு, எருமை, ஆடு, பன்றி, குதிரை, கழுதை, ஒட்டகம், கோழி எல்லாம் எண்ணினார்கள். யானையை எண்ணினார்கள், முயலை எண்ணினார்கள், நாயையும் எண்ணினார்கள். அந்தப் பட்டியலில் பூனை இல்லை. எண்ணாத பிராணிக்கு மருந்து ஒதுக்க மாட்டார்கள், டாக்டருக்குப் பயிற்சி கொடுக்க மாட்டார்கள், குழாய் வாங்க டெண்டர் விட மாட்டார்கள். சாக்கோட்டை ஒன்றியத்தில் எத்தனை வெள்ளாடு என்று உங்களிடம் கணக்கு இருக்கும். எத்தனை பூனை என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் எந்தத் தெருவில் எந்த வீட்டில் எட்டிப் பார்த்தாலும் ஒன்று இருக்கிறது.

இங்கே ஆலையை மட்டும் நினைக்காதீர்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் வந்து பாருங்கள். ஒரு தெரு நீளத்துக்குப் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, உரிமைக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள், விசேஷத்துக்கு வந்து போகிறார்கள். அந்த வீடுகளின் இரண்டாம் கட்டிலும் மூன்றாம் கட்டிலும் பூனைகள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கின்றன. காவலுக்கு இருக்கும் குடும்பம் தான் சாப்பிடும் சோற்றில் ஒரு பிடியை அவற்றுக்கும் வைக்கிறது. குட்டிகளுக்குக் கழிச்சலும் வாந்தியும் வரும் வைரஸ் நோய் ஒன்று வந்தால் ஒரு ஈட்டுக் குட்டியும் மிஞ்சாமல் போய்விடும். தடுப்பூசி இருக்கிறது, குட்டிக்கு இரண்டு மாதம் ஆகும்போது போடத் தொடங்கலாம். ஒரு ஊசியின் விலை அந்தக் காவல்காரருக்கு ஒரு நாள் கூலிக்கு மேல், அதைப் போட்டுக்கொள்ளக் காரைக்குடிக்கு ஆட்டோ வேறு. அவர்களிடம் அடகு வைக்கத் தோடு இருக்குமா என்பதும் எனக்குத் தெரியும்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். ஒரத்தநாட்டில் 2012-இலிருந்து அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அங்கே பூனை, நாய்க்கும் வைத்தியம் உண்டு. ஆனால் எங்களுக்கு அது புதுக்கோட்டையைத் தாண்டிப் போக வேண்டிய இடம். அடைத்துக்கொண்ட பூனையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறிப் போகும் தூரம் இல்லை. மதுரையும் திருச்சியும் இங்கிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மூன்றுக்கும் நடுவில் செட்டிநாடு முழுவதும் வெற்றிடமாக இருக்கிறது. இத்தனைக்கும் செட்டிநாட்டிலேயே அரசின் பெரிய கால்நடைப் பண்ணை இருக்கிறது, 2022-இல் வேளாண்மைக் கல்லூரியும் வந்துவிட்டது, காரைக்குடி 2024-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. பண்ணைக்கும் கல்லூரிக்கும் இடம் கொடுத்த ஊரில் பூனையைப் படுக்கவைத்துப் பார்க்க ஒரு மேசை போட முடியாதா?

புதிதாகக் கட்டடம் கட்டச் சொல்லவில்லை. கால்நடை மருத்துவப் படிப்பு ஐந்தரை வருடம், அதில் கடைசி ஒரு வருடம் பயிற்சிக் காலம். அந்தப் பயிற்சி டாக்டர்களில் இரண்டு பேரை ஒரு மூத்த டாக்டரோடு வாரம் ஒருமுறை காரைக்குடிக்கு அனுப்பினால் அவர்களுக்கும் கை பழகும், எங்களுக்கும் வழி பிறக்கும். தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாவற்றையும் அந்த ஒரு நாளில் வைத்துக்கொள்ளலாம். அடைப்பு கிழமை பார்த்து வராது, அதற்கு அங்கே இருக்கும் டாக்டர்களில் ஒருவருக்காவது ஒரத்தநாட்டிலோ சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பயிற்சி கொடுத்துவிடுங்கள். ஆண் பூனைக் குழாய் நாலைந்து, மயக்க மருந்து, உப்புநீர், நாள் முழுக்க நீர் ஏற்ற ஒரு கூண்டு இருந்தால் தொடங்கிவிடலாம். ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கும் கருவி இல்லையென்றால் காரைக்குடியில் மனிதர்களுக்கான ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன, அவர்களிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். இலவசமாக வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஒரு கட்டணம் வைத்துச் சுவரில் எழுதிப் போடுங்கள், கட்டுகிறோம்.

அதுவரைக்கும் பெயிண்ட் செலவு மட்டும் ஆகும் காரியம் ஒன்று இருக்கிறது. எல்லாக் கால்நடை மருந்தக வாசலிலும் ஒரு பலகை வையுங்கள். ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்து சிறுநீர் வராமல் இருந்தால் அது மலச்சிக்கல் என்று விட்டுவிட வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று எழுதுங்கள். காய்ச்சல் என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது, ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும் என்று எழுதுங்கள். மனிதருக்கும் நாய்க்கும் அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் சக்தி இருக்கிறது, பூனையின் ஈரலுக்கு அது போதாது. நாய்க்கு உண்ணி போகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவற்றைப் பூனைக்கு விட்டால் வலிப்பு வந்து செத்துப்போகும், அதையும் எழுதுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய பாராசிட்டமாலைப் பாலில் கரைத்துக் கொடுத்தார்கள். அன்போடுதான் கொடுத்தார்கள். அந்தப் பூனை பிழைக்கவில்லை.

இப்போது தனியார் டாக்டர்களிடம் ஒரு வார்த்தை. உங்களுக்கு வாடகை, மின்சாரம், மருந்து, உதவியாள் சம்பளம் எல்லாம் இருக்கிறது, அரசு மானியமும் இல்லை, பில் போடுவதில் தப்பே இல்லை. நான் கேட்பது தொகையைக் குறையுங்கள் என்பது அல்ல. "இன்றைக்கு இவ்வளவு, குழாய் போட்டு இரண்டு நாள் வைத்திருந்தால் இவ்வளவு, மறுபடி வர வாய்ப்பு இருக்கிறது, வந்தால் இவ்வளவு" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கூடக் குறைய ஆனால் நாங்கள் சண்டைக்கு வர மாட்டோம். தொகை தெரிந்தால் நாங்கள் வீட்டில் பேசி, யாரிடம் கேட்பது, எதை விற்பது என்று முடிவு செய்ய முடியும். தெரியாமல் தவணை தவணையாகக் கட்டும்போது, இத்தனை கட்டியாகிவிட்டது, இனி எப்படி நிறுத்துவது என்று அடுத்ததையும் கட்டுகிறோம், கடைசியில் கையில் காசு தீர்ந்துபோகும் நேரத்தில்தான் பூனைக்கு உண்மையிலேயே தேவையான வைத்தியம் வந்து நிற்கிறது.

முழு வைத்தியம் செய்ய முடியாதவர்களுக்கு அடுத்தபடி என்ன செய்யலாம் என்பதையும் சொல்லுங்கள். அதுவும் முடியாது, பூனைக்கு வலி மட்டும்தான் மிச்சம் என்றால், ஊசி போட்டு அமைதியாக அனுப்பிவைக்கலாம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். அந்தப் பேச்சை நாங்கள் எடுத்தால் கொலைகாரர்கள் மாதிரிப் பார்க்கிறார்கள். நான் மதுரையில் காத்திருந்தபோது வயதான ஒருவர் தன் பூனையைத் துண்டில் சுற்றித் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். பணம் இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, "வீட்ல வச்சுப் பாத்துக்குறேன்" என்றார். என்ன பூனை, என்ன நோய் என்று எல்லோருக்கும் தெரியும். அவரிடம் யாராவது ஒருவர் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

"ஒரு பூனைக்கா இவ்வளவு?" என்று என்னைக் கேட்காதவர் இல்லை. என் கொழுந்தனார் கேட்டார், குழுவில் கேட்டார்கள். ஆலை முதலாளி மட்டும் கேட்கவில்லை, மூட்டை காத்த பூனை என்று சொல்லி இரண்டாயிரம் ரூபாய் எடுத்துக் கொடுத்தார். அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் உங்களிடம் அந்த நியாயத்தைச் சொல்லிக் கேட்க எனக்கு விருப்பம் இல்லை. எலி பிடித்தால் நெல் மிச்சம், எலிக்காய்ச்சல் குறையும் என்றெல்லாம் எழுதலாம், எழுதினால் கோப்பில் வைக்க உங்களுக்கும் வசதியாக இருக்கும். செவலை இப்போது எலி பிடிப்பதில்லை. திண்ணையில் படுத்திருக்கிறது, கூப்பிட்டால் வருகிறது, என் மாமியார் கால் வலி என்று படுத்தால் அவர் காலடியில் போய் இருக்கிறது. வலியில் துடித்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, அது எதற்குப் பயன்படும் என்ற கணக்கை என்னால் போட முடியவில்லை. வாயில்லாத ஒன்று நம்மை நம்பி நம் வீட்டில் இருக்கிறது, அதற்கு நோய் வந்தால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அது இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த அறுவை சிகிச்சை வரைக்கும் இன்னும் போகவில்லை. மதுரை டாக்டர் சொன்னபடி உலர்ந்த தீனியைக் குறைத்துவிட்டு, உப்பில்லாமல் வேகவைத்த மீனை அந்தத் தண்ணீரோடு பிசைந்து வைக்கிறோம். வீட்டில் நாலு இடத்தில் தண்ணீர்க் கிண்ணம். சிறுநீர்க் கோளாறுக்கான தனித் தீனியும் கொஞ்சம் கலக்கிறோம், அந்த ஒன்றரைக் கிலோ பை இரண்டாயிரத்தை ஒட்டி வருகிறது, அதை அளந்துதான் போடுகிறோம். காலையும் மாலையும் மணல் தொட்டியில் எத்தனை ஈரக் கட்டி என்று பார்ப்பது என் மாமியார் வேலை. பூனையெல்லாம் வீட்டுக்குள் எதற்கு என்று முன்பு என்னைத் திட்டியவர் அவர்.

அடுத்த சிறுநீர்ப் பரிசோதனை இந்த மாதக் கடைசியில் இருக்கிறது, அதற்கு மதுரைக்குத்தான் போகிறேன். காரைக்குடியில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று நீங்கள் அறிவித்தால், புதுவயலிலிருந்து பூனை வைத்திருக்கும் இன்னும் பல வீடுகளை என்னால் திரட்டிக்கொண்டு வர முடியும். யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள், எல்லோர் கையெழுத்தோடும் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
புதுவயலில் அரிசி ஆலைக் கணக்கு எழுதும் ஒருத்தி